சிறு நடைக்கு ஏற்ற வண்ணம்

தில்லி நகரத்து அடுக்குக் குடியிருப்புகள் பலவற்றில், கதவைத் திறந்ததும் நாம் கால் வைப்பது சன்னலற்ற குறுகிய நடையொன்றில்தான். அதற்கு வண்ணம் தேர்ந்தெடுப்போர் அழகை மாத்திரம் கருதுதல் போதாது. நல்ல வெள்ளைப் பூச்சு, தன்மேல் விழும் ஒளியில் நூற்றுக்கு 80 பங்கு அளவைத் திருப்பித் தரும். கருநீலமோ 10 பங்கு தருவதும் அரிது. ஆகவே, சுவருக்கு வெண்மையோ, இளமஞ்சளோ, தந்த நிறமோ பொருந்தும்.

ஆயினும், தரையும் வாயிற்படியும் சுவரைப் போலவே வெளிறியிருப்பின், பார்வை மங்கிய முதியோர் படியின் விளிம்பை அறியாது இடறி வீழ்வர். அவ்விளிம்பிற்கு மட்டும் செங்காவி தீட்டுதல் நலம்.

முதலில் சிறு டப்பா ஒன்று வாங்கிச் சுவரில் ஒரு முழம் பூசி, பகலொளியிலும் விளக்கொளியிலும் பார்த்து முடிவு செய்க. கடையில் கண்ட நிறம் வேறு; நடையில் காணும் நிறம் வேறு.