வெள்ளைக்கார துரையைத் திட்டிட்டேன்... என் பூட்டனை என்ன செய்வது? - `எரியும் பனிக்காடு' எழுப்பிய கேள்வி

போடிநாயக்கனூர் பக்கத்துல எங்க ஊர். எங்க வீட்டுக்கு ஊருக்குள்ள ஒரு பெயர் உண்டு, `கங்காணி வீடு'. கேஸ் சிலிண்டர் கொண்டு வர்றவர், கல்யாணப் பத்திரிகை வைக்க வர்றவர் என யாராக இருந்தாலும், கடைத்தெருவில் அப்படிக் கேட்டால்தான் வழி சொல்வார்கள். போன மாதம் அப்பா போன் செய்தார். வீட்டு முகப்பை இடித்துக் கட்டுகிறார்களாம். வாசலில் கறுப்பு கிரானைட்டில் `கங்காணி இல்லம்' என்று பொறித்து வைக்கலாமா என்று கேட்டார்.

சின்ன வயதில் கேட்டிருந்தால் குதித்திருப்பேன். இப்போது என்னால் `சரி' என்று சொல்ல முடியவில்லை. காரணம், ஒரு நாவல்.

இதழியல் டிப்ளமோ படித்தபோது ஒரு வகுப்பு உண்டு. ஒரு நாவலைப் படித்துவிட்டு அதிலிருக்கும் சமூகப் பிரச்னையைப் பற்றிப் பத்து நிமிடம் பேச வேண்டும். எனக்குக் கிடைத்த தலைப்பு `இனவெறி'. பலரும் ஹார்ப்பர் லீ எழுதிய `டு கில் எ மாக்கிங்பேர்ட்' பக்கம் போனார்கள். அமெரிக்காவின் அலபாமாவில், செய்யாத குற்றத்துக்காகக் கூண்டில் நிறுத்தப்படும் கறுப்பினத்தவரின் கதை. நல்ல நாவல்தான். ஆனால், அவ்வளவு தூரம் ஏன் போக வேண்டும், நம் மலையிலேயே ஒரு கதை இருக்கிறதே என்று `எரியும் பனிக்காடு' எடுத்தேன். உண்மையைச் சொன்னால், பாலாவின் `பரதேசி' படத்தை ஏற்கெனவே பார்த்திருந்தேன். படிப்பது சுலபமாக இருக்கும் என்ற கணக்கும் இருந்தது.

2013-ல் வந்த அந்தப் படத்துக்கு அடிப்படை இந்த நாவல்தான். எழுதியவர் பி.எச்.டேனியல். வால்பாறையில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்கு வைத்தியம் பார்த்த டாக்டர். அவர்களுக்காகச் சங்கம் கட்டும் வேலையிலும் இறங்கியவர். 1969-ல் `ரெட் டீ' என்று ஆங்கிலத்தில் எழுதினார். தமிழுக்குக் கொண்டு வந்தவர் இரா.முருகவேள். 1920-களில் திருநெல்வேலிப் பக்கம் மயிலோடை கிராமத்திலிருந்து கருப்பன், வள்ளி என்ற இளம் தம்பதி ஆனைமலைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போகிறார்கள். கை நிறையக் கூலி என்று ஆசை காட்டி, முன்பணம் கொடுத்துக் கூட்டிப் போகிறார் ஒரு மேஸ்திரி. அங்கே மலேரியா, அட்டை, மழை, அடி. வருடக் கடைசியில் கணக்குப் பார்த்தால் கூலி போகக் கடன்தான் மிச்சம். துரைமார்களின் கண்ணில் படும் பெண்களின் நிலையைச் சொல்லவே வேண்டாம்.

படித்து முடித்தபோது ரத்தம் கொதித்தது. கதையில் மட்டுமா? அந்தக் காலத் தோட்டங்களில் துரை எதிரில் வந்தால் கூலி பாதையை விட்டு இறங்கி நிற்க வேண்டும். மழை கொட்டினாலும் குடையை மடக்க வேண்டும். துரைமார் கிளப்புக்குள் படித்த இந்தியருக்கே இடமில்லை. சட்டமும் அவர்கள் பக்கம்தான். 1859-ல் வந்த ஒப்பந்த மீறல் சட்டப்படி, முன்பணம் வாங்கிவிட்டு வேலையை விட்டு ஓடுகிறவர் கடன்காரர் மட்டுமல்ல, சிறைக்கே போக வேண்டிய குற்றவாளி. 1920-களின் நடுவில்தான் அது ரத்தானது. தோலின் நிறம் வேறு என்பதற்காக ஒரு மனிதனை மாடு மாதிரி நடத்தியிருக்கிறார்கள் என்று வகுப்பில் பத்து நிமிடம் முழங்கினேன். கைத்தட்டல் வந்தது.

கடைசி பெஞ்சில் என் தோழி தட்டவில்லை. மூணாறு எஸ்டேட் லயத்தில் பிறந்து வளர்ந்தவள். நாலு தலைமுறைக்கு முன்னால் கயத்தாறு பக்கத்திலிருந்து மலையேறிய குடும்பம். வெளியே டீ குடிக்கும்போது சாதாரணமாகத்தான் கேட்டாள்.

``எல்லாத்தையும் துரை மேலயே போட்டுட்டியே. மயிலோடைக்கு வந்து கூப்பிட்டது துரையா?''

எனக்குப் பதில் வரவில்லை. எங்கள் வீட்டுக்கு ஊரில் என்ன பெயர் என்று அவளிடம் அதுவரை சொன்னதில்லை. அன்றைக்கும் சொல்லவில்லை. ஆனைமலையில் `மேஸ்திரி' என்றால், மூணாறு பக்கமும் இலங்கையிலும் `கங்காணி'. ஊர் ஊராகப் போய் ஆள் பிடிப்பது, முன்பணம் கொடுப்பது, மலைக்குக் கூட்டிப் போவது, அங்கே மேய்ப்பது எல்லாம் அவர் வேலை. ஆள் ஒன்றுக்கு இவ்வளவு என்று கமிஷன். தமிழ் தெரியாத துரைக்கு இவரில்லாமல் ஒரு செடிகூட நட முடியாது.

கொல்லைப்புறம் வரைக்கும்தான்

அந்த வாரமே ஊருக்கு வந்தேன். அப்பத்தாவிடம் பூட்டனைப் பற்றிக் கேட்டேன். நடு வீட்டில் கோட்டும் தலைப்பாகையுமாக மாட்டியிருக்கும் போட்டோவைப் பார்த்துக்கொண்டே பெருமையாகத்தான் ஆரம்பித்தார். குரங்கணி வழியாக நடந்தே மலையேறுவாராம். அந்தக் காலத்தில் மூணாறு தேயிலை, டாப் ஸ்டேஷனிலிருந்து ரோப்வேயில் தொங்கியபடி கொட்டகுடிக்கு இறங்கி, அங்கிருந்து போடிக்கு வரும். டீத்தூள் கம்பியில் இறங்கியது. அதைப் பறிக்கப் போன சனம் மூட்டை முடிச்சோடு நடந்து ஏறியது.

``அவரு கூட்டிட்டுப் போகலைனா அந்தச் சனம் பஞ்சத்துல செத்திருக்கும்த்தா'' என்றார் அப்பத்தா.

இதை வெறும் சமாளிப்பு என்று ஒதுக்க முடியாது. கையில் ஒரு சென்ட் நிலம் கிடையாது, ஊரில் வேலையும் இல்லை மரியாதையும் இல்லை என்பதால்தான் பலர் மலையேறினார்கள். நாவலில் கருப்பனும் வள்ளியும் கிளம்புவதற்கு வயிறுதான் காரணம். ஊர்க் கொடுமையிலிருந்து தப்பிக்கக் கிடைத்த ஒரே வழி சிலருக்கு அந்த மலைதான். ஆக, அப்பத்தா சொன்னது பாதி உண்மை. அந்தப் பாதிதான் எங்கள் வீட்டில் நூறு வருடமாகச் சொல்லப்பட்டு வந்திருக்கிறது.

``அவங்க நம்ம வீட்டுக்கு வருவாங்களா அப்பத்தா?''

``வருவாகளே. திருவிழாவுக்கு இறங்கி வந்தா வந்து பார்த்துட்டுத்தான் போவாக.''

``எதுவரைக்கும் வருவாங்க?''

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, ``கொல்லைப்புறம் வரைக்கும்'' என்றார். கஞ்சியோ காபித்தண்ணியோ, சிரட்டையில் ஊற்றுவதுதான் வழக்கமாம்.

துரை பங்களா வராந்தாவில் கூலி கால் வைக்கக் கூடாது என்று வகுப்பில் கொதித்தேனே, அந்த வராந்தா எங்கள் வீட்டிலும் இருந்திருக்கிறது. அங்கே நிறம், இங்கே சாதி. அந்தப் புத்தகத்தைப் படித்தபோது நான் கருப்பன் பக்கம் நின்றுகொண்டிருந்ததாக நினைத்தேன். வீட்டுக் கணக்கில் பார்த்தால் நான் மேஸ்திரி பக்கம்.

இதை அப்பாவிடம் சொன்னபோது, ``என்னைக்கோ யாரோ செஞ்சதுக்கு நீ ஏன் குத்தவாளி மாதிரி மூஞ்சிய வெச்சிருக்க?'' என்று கேட்டார். நியாயமான கேள்வி. யாரையும் நான் அடிக்கவில்லை, ஏமாற்றவில்லை. ஆனால், பூட்டன் வாங்கிப் போட்ட தென்னந்தோப்பு இன்னும் எங்களிடம்தான் இருக்கிறது. என் டிப்ளமோ ஃபீஸ் அந்தத் தேங்காய்க் காசுதான். குற்றம் என்னுடையது இல்லை, சரி. அதில் வந்த வரவு மட்டும் எப்படி என்னுடையது ஆனது? இதற்கு அப்பாவிடமும் பதில் இல்லை, என்னிடமும் இல்லை.

முல்க் ராஜ் ஆனந்தின் `டூ லீவ்ஸ் அண்ட் எ பட்' நாவலையும் பிறகு தேடிப் படித்தேன். 1937-ல் வந்தது, அஸ்ஸாம் தேயிலைத் தோட்டக் கதை. கங்கு என்ற தொழிலாளியைச் சுட்டுக் கொல்லும் வெள்ளைக்கார அதிகாரியை, நீதிமன்றம் குற்றவாளி இல்லை என்று விட்டுவிடுகிறது. துரைகளுக்காவது கூண்டு என்ற ஒன்று பெயருக்கு இருந்தது. கங்காணிகளை எந்தக் கோர்ட்டும் கூப்பிடவேயில்லை. அதனால்தானோ என்னவோ, நாங்கள் அந்தப் பெயரைப் பட்டம் மாதிரி சுமந்துகொண்டிருக்கிறோம்.

வெள்ளைக்காரரைக் கும்பிடும் ஊர்

எங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் `வெள்ளைக்காரன் எல்லாம் கெட்டவன்' என்று மேடையில் பேசிவிட்டு நிம்மதியாக வீடு போய்ச் சேர முடியாது. இங்கே பென்னி குக் சாமி. 1895-ல் முல்லைப் பெரியாறு அணையைக் கட்டி முடித்த இன்ஜினீயர். லோயர் கேம்ப்பில் மணிமண்டபம் இருக்கிறது. அவர் பிறந்த ஜனவரி 15 அன்று பொங்கல் வைக்கிறார்கள். பிள்ளைகளுக்கு அவர் பெயரை வைத்தவர்களும் உண்டு. அந்தத் தண்ணீரில் விளைந்த சோற்றைத்தான் நானும் தின்றேன். ஆனால், அந்தக் காட்டில் காலராவிலும் மலேரியாவிலும் செத்த கூலிகளின் பெயரை யாரும் பிள்ளைகளுக்கு வைக்கவில்லை. வைக்க நினைத்தாலும் பெயர் தெரியாது.

அதே வெள்ளை அரசுதான் குற்றப்பரம்பரைச் சட்டத்தையும் இந்தப் பக்கம் கொண்டு வந்தது. பிறந்த சாதியை வைத்தே ஒருவரைக் குற்றவாளி என்று முத்திரை குத்தி, கைரேகை எடுக்கச் சொன்ன சட்டம். அதை எதிர்த்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3-ம் தேதி துப்பாக்கிச்சூடே நடந்தது. 1947 வரை அந்தச் சட்டம் ஓயவில்லை. பிறப்பை வைத்து அவமானப்படுத்தினால் எப்படி வலிக்கும் என்று இந்த வட்டாரத்துக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தும், தனக்குக் கீழே ஒருத்தரை நிறுத்தி வைப்பதை ஊர் விடவில்லை. டேனியலின் நாவலில் என்னை அதிகம் பயமுறுத்துவது துரைகளின் சவுக்கு இல்லை, இந்த ஏணிப்படிதான். துரையிடம் கூனிக் குறுகி நிற்பவர், திரும்பியதும் தனக்குக் கீழே உள்ளவரிடம் துரையாகிவிடுகிறார்.

மூணாறில் 2015-ல் பெண் தொழிலாளர்கள் `பெண்பிள்ளை ஒற்றுமை' என்று திரண்டு போனஸ் கேட்டுப் போராடியபோது, நிர்வாகத்தை மட்டுமல்ல, பல வருடங்களாகத் தங்கள் பெயரில் பேசிக்கொண்டிருந்த தொழிற்சங்கத் தலைவர்களையும் பக்கத்தில் சேர்க்கவில்லை. தமிழ்ப் பெண்கள்தான் அதில் பெரும்பாலும். அப்போது நான் ஸ்கூலில் படித்துக்கொண்டிருந்தேன். டி.வி-யில் பார்த்து, `ஏன் சொந்த சங்கத்தையே திட்டுறாங்க' என்று நினைத்தது ஞாபகம் இருக்கிறது. 2020 ஆகஸ்ட் 6-ம் தேதி இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியது. 70 பேர். செய்தியில் பெயர்ப் பட்டியல் ஓடியது. அத்தனையும் நம் ஊர்ப் பெயர்கள். தோழி அன்று இரவு முழுக்கத் தூங்காமல் ஒவ்வொரு பெயராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு என்ன சொல்வது என்று தெரியாமல் நான் போனை வைத்துவிட்டேன். அதுவும் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

பற்று, வரவு

பூட்டனின் நோட்டு ஒன்று பரணில் இருந்தது. போகிக்கு எரிக்க எடுத்து வைத்திருந்ததை நான்தான் பிடுங்கி வைத்தேன். நீளவாக்கில் தைத்த நோட்டு. இடது பக்கம் பெயர், ஊர். பிறகு பற்று, வரவு. பல பெயர்களுக்குப் பக்கத்தில் கட்டைவிரல் ரேகை. சில பெண்களுக்குப் பெயரே இல்லை, `இன்னார் பெண்சாதி' என்று மட்டும் இருக்கிறது.

2023 ஜூனில் போடிக்கு மறுபடி ரயில் வந்ததே, அதற்குப் பிறகு ஒரு நாள் தோழியை வீட்டுக்கு அழைத்தேன். வருவதற்கு முன்பே போனில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கங்காணி வீடு, சிரட்டை, நோட்டு எல்லாம். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, ``தெரியும்'' என்றாள். கல்லூரியில் எங்கள் ஊர்க்காரப் பையன் ஒருவன் எப்போதோ சொல்லியிருக்கிறான். தெரிந்தேதான் அன்றைக்கு அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறாள்.

வந்தாள். நடு வீட்டில், அந்த போட்டோவுக்குக் கீழேதான் உட்கார்ந்தாள். அப்பத்தா எவர்சில்வர் டம்ளரில் காபி கொடுத்தார். கொடுத்துவிட்டு அடுப்படிக்குள் போனவர் நெடுநேரம் வெளியே வரவில்லை. தோழி நோட்டை முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தாள். அவள் தேடிய பெயர் அதில் இல்லை. அவர்கள் வேறு கங்காணியோடு போயிருக்கலாம்.

``இதுல திரும்பி வந்தவங்க யாருன்னு எங்க இருக்கு?'' என்று கேட்டாள்.

நானும் புரட்டிப் பார்த்தேன். அதற்கு ஒரு கட்டம் போடவே இல்லை.

விடிகாலையில் அவளை பஸ் ஏற்றிவிடப் போனோம். ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போகும் பெண்கள் தூக்குவாளியோடு ஜீப்புக்காக நின்றிருந்தார்கள். போடி, தேவாரம், கம்பம் என இந்தப் பக்கம் முழுக்க தினமும் பார்க்கிற காட்சிதான். பத்துப் பேர் உட்காரும் வண்டியில் எத்தனை பேர் ஏறினார்கள் என்று எண்ணி முடிப்பதற்குள் ஜீப் போடிமெட்டு ரோட்டில் திரும்பிவிட்டது. முன் சீட்டில் ஆள் கூட்டிப் போகிறவர், மடியில் ஒரு நோட்டு.

எல்லாப் பக்கங்களையும் போனில் போட்டோ எடுத்துத் தோழிக்கு அனுப்பினேன். மூணாறில் வயதானவர்களிடம் அவள் காட்டிக்கொண்டிருக்கிறாள். இதுவரை இரண்டு பெயர்களை அடையாளம் கண்டு சொல்லியிருக்கிறார்கள்.

`கங்காணி இல்லம்' வேண்டாம், அப்பத்தா பெயரை வைக்கலாம் என்று அப்பாவிடம் சொன்னேன். அப்பத்தாவே வேண்டாம் என்கிறார். கிரானைட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்தாகிவிட்டதாம், எழுத்து மட்டும் இன்னும் வெட்டவில்லை. தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது மறுபடியும் பேச வேண்டும்.