காஜா: பொத்தானின் வீடு

தையல்கடையில் 'காஜா' என்றால் பொத்தான் நுழையும் துளை. துணியில் சின்னதாக ஒரு கீறல், பிசிறு விடாமலிருக்க அதன் விளிம்பைச் சுற்றி நெருக்கமாய் ஒரு தையல். இதைச் செய்வதைக் 'காஜா எடுக்கிறது' என்பார்கள். இஸ்லாமியப் பெயராக வழங்கும் காஜா வேறு. அது பாரசீகக் 'க்வாஜா'. தையல்கடைக் காஜாவின் மூலம் போர்த்துக்கீசியக் 'காஸா'. ஹிந்தியிலும் மராட்டியிலும் இதுவே 'காஜ்'.

'காஸா' என்றால் வீடு. பொத்தான் துளைக்கும் போர்த்துக்கீசியத்தில் அதே பெயர்தான். 1498இல் கள்ளிக்கோட்டைக்கு வந்துசேர்ந்த போர்த்துக்கீசியரின் மொழியிலிருந்து ஜன்னல், சாவி, அலமாரி, மேஜை என்று ஒரு வீட்டுக்கு வேண்டிய சாமான்களெல்லாம் காலப்போக்கில் தமிழுக்குள் சொற்களாக வந்து இறங்கின. பொத்தானும் அப்படி வந்ததுதான். வீடு மட்டும் வீடாக வரவில்லை. நம்மிடம் வீடு இருந்தது. துளைக்குத்தான் பெயர் தேவைப்பட்டது. குறிப்பான் வந்தது, அதன் குறிப்பீடுகளில் ஒன்று கரையிலேயே நின்றுவிட்டது. கடன்வாங்கும் மொழி எதை எடுக்கிறது என்பதோடு எதை விட்டுவிடுகிறது என்பதையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஆனால் கடைக்குள் இச்சொல் துளையோடு நிற்பதில்லை, ஆள்மேல் ஏறிவிடுகிறது: 'காஜா பையன்'. கழுத்தில் டேப்போடு கட்டிங் மாஸ்டர், மிஷினில் டைலர், இவர்களுக்குக் கீழே காஜா பையன். இங்கே 'பையன்' என்பது வயதைவிடப் படியைத்தான் சொல்கிறது. தொழில் கற்க வருகிறவன் முதலில் உட்காரும் இடம் அது. டீ வாங்கிவருவதும் அவன் வேலைதான்.

வேலையின் தன்மையைப் பார்த்தால் இந்தப் படிவரிசை தலைகீழாகத் தெரிகிறது. காஜா, சட்டை தைத்து முடிந்தபின் கடைசியில் போடுவது. கோணல் தையலைப் பிரித்துவிடலாம். கீறல் ஒரு நூல் தவறினாலும் பிரித்துத் தைக்க வழியில்லை, சட்டையே போச்சு. மாஸ்டரின் வெட்டும் டைலரின் தையலும் கடைசியில் அவன் கையில்தான் இருக்கின்றன. கூலியில் மட்டும் அவன் கடைசி.

காஜா மிஷின் வந்தபின் கைக்காஜா குறைந்துவிட்டது. இன்று திருப்பூரில் 'காஜா பட்டன்' தனி ஜாப் ஒர்க். உட்கார்ந்திருந்த பையன் போனாலும் சொல் போகவில்லை.

தனித்தமிழ் அன்பர்கள் இதைப் 'பொத்தான்துளை' என்று மாற்றலாம், தவறில்லை. துளை கிடைத்துவிடும். அதை எடுத்துக்கொண்டிருந்த பையன் அகராதியிலும் இல்லாமல் போவான்.