வாரண்டி முடிந்தால் பொறுப்பும் முடிந்ததா?

வாரண்டி ஓராண்டு என்றால், பதினான்காம் மாதம் கெட்ட பொருளோடு வாடிக்கையாளர் கம்பெனியைத் தேடிப் போவதில்லை. நம் கடைப் படிதான் ஏறுகிறார். தேய்மானம் என்றால் எடுத்துச் சொல்லி அனுப்பலாம். தயாரிப்பாளருக்கே தெரிந்த குறை என்றால் என்ன சொல்வது?

தொப்பம்பட்டியில் நாம் விற்ற குக்கர்களில், ஒரே லாட்டில் வந்தவை ஐந்தாறு, கைப்பிடி பிளந்து திரும்பி வந்தன. "அந்த லாட்டே அப்படித்தான்" என்று கம்பெனி ஆளே ஒப்புக்கொண்டார். மாற்றித் தரச் சொன்னபோது மட்டும் வாரண்டி தேதியைக் காட்டினார். கொதிக்கும் குக்கர் கைதவறினால் தேதியா காப்பாற்றும்?

நேர்மையாக நடந்தவர்களும் உண்டு. 2007 ஆகஸ்டில் நோக்கியா நிறுவனம், தன் பி.எல்.-5சி செல்போன் பேட்டரிகளில் 4 கோடியே 60 லட்சம், சார்ஜ் ஏறும்போது அளவு மீறிச் சூடாகலாம் என்று தானே அறிவித்தது. அவற்றைச் செய்து கொடுத்தது ஜப்பானின் மட்சுஷிட்டா. பேட்டரியில் அச்சிட்டிருந்த எண்ணைப் பார்த்து இலவசமாக மாற்றிக் கொடுத்தார்கள்.

இன்று சட்டமும் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. உற்பத்திக் குறை, வடிவமைப்புக் குறை, போதிய எச்சரிக்கை தராமை ஆகியவற்றால் காயமோ சொத்துச் சேதமோ நேர்ந்தால் தயாரிப்பாளர் பொறுப்பு என்கிறது 84-வது பிரிவு. வாரண்டி காலத்துக்குள் நேர்ந்தால்தான் என்று அது சொல்லவில்லை. 2 ஆண்டுக்குள் புகார் செய்ய வேண்டும்.

86-வது பிரிவு நமக்கானது. கம்பெனி வாரண்டிக்கு மேல் நாமாகத் தனி உத்தரவாதம் கொடுத்தாலும், தயாரிப்பாளரின் எச்சரிக்கையை வாங்குபவருக்குத் தெரிவிக்கத் தவறினாலும், தயாரிப்பாளர் யாரென்றே தெரியாத சரக்கை விற்றாலும் பொறுப்பு நம் தலையில் விழலாம். "எதுவானாலும் நான் பொறுப்பு" என்று வாய்வார்த்தை விடும் பழக்கத்தை விட வேண்டும்.

எனவே வணிகப் பெருமக்கள் பில்லில் லாட் எண்ணையும் எழுதுங்கள். ஒரே குறை இரண்டு மூன்று முறை வந்தால் தேதியோடு குறித்து, கம்பெனிக்கு எழுத்து மூலம் தெரிவித்து நகல் வைத்திருங்கள். "எங்களுக்குத் தெரியாது" என்று அவர்கள் பிறகு சொல்ல முடியாது. மீதமுள்ள அந்த லாட்டை விற்காமல் ஒதுக்கி வையுங்கள்.

மறுவிற்பனைக்கு வாங்கிய நாம் சட்டப்படி நுகர்வோர் அல்ல. புகார் செய்ய வேண்டியவர் வாடிக்கையாளரே. அவருக்கு 1915 என்ற உதவி எண்ணையும், திண்டுக்கல்லில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தையும் சொல்லி அனுப்புங்கள். கம்பெனிக்கு அவர் ஒரு பில். நமக்கோ தலைமுறை வாடிக்கையாளர்.