போர்டு தெரியுது... படி தெரியலையா?

"டாக்டர், பையன் ஸ்கூல்ல போர்டை நல்லாத்தான் படிக்கிறான். ஆனா சாயங்காலமானா படி தெரியாம தடுக்கி விழறான். பொன்னாங்கண்ணிக் கீரை கொடுக்கலாமா?" என்று கேட்டார் ஒரு தாய். கீரை நல்லதுதான் அம்மா, தாராளமாகக் கொடுங்கள். ஆனால் முதலில் கண் பரிசோதனை!

சுவரில் மாட்டும் எழுத்து அட்டையில் எழுத்து சிறிதாகிக்கொண்டே போகும். கருமை மட்டும் குறையாது. வாழ்க்கையில் எல்லாமே பளிச்சென்று கறுப்பு வெள்ளையாகவா இருக்கிறது? சிமென்ட் படியின் விளிம்பு, மங்கிய ஜெராக்ஸ் தாள் இவற்றைப் பிரித்தறியும் திறன் வேறு. அதற்குச் சோதனையும் வேறு.

எழுத்து தெரிந்த பிள்ளைக்கு, 1988-ல் வந்த பெல்லி-ராப்சன் அட்டை. எழுத்தெல்லாம் ஒரே அளவு. மூன்று மூன்றாக மங்கிக்கொண்டே போகும். 1 மீட்டர் தூரத்திலிருந்து படிக்க வேண்டும்.

எழுத்தே தெரியாத குழந்தைக்கு? பின்லாந்து கண் மருத்துவர் லியா ஹுவாரினென் உருவாக்கிய 'ஹைடிங் ஹைடி' அட்டைகள் உள்ளன. ஒரு அட்டையில் சிரித்த முகம், இன்னொன்று வெறுமை. இரண்டையும் எதிரெதிர்ப் பக்கம் நகர்த்தி, குழந்தையின் பார்வை முகத்தின் பின்னால் போகிறதா என்று கவனிப்பார்கள். முகம் அட்டைக்கு அட்டை மங்கி 1.25 சதவீதம் வரை போகும். துளி வலி கிடையாது.

இந்தச் சோதனை குறையைச் சொல்லும், காரணத்தைச் சொல்லாது. கண்புரை, விழித்திரை, பார்வை நரம்புக் கோளாறு, வைட்டமின் ஏ குறைவு... எதுவாகவும் இருக்கலாம். அதனால்தான் அந்தப் பையனை உடனே கண் டாக்டரிடம் அனுப்பினேன்.

அதுவரை படி விளிம்பில் மஞ்சள் பெயின்ட் அடியுங்கள். தயிர்சாதத்தை வெள்ளைத் தட்டில் போடாதீர்கள். "பார்த்து நடக்கத் தெரியாதா?" என்று மட்டும் அடிக்காதீர்கள்!