கண்டிச்சீமைக்குப் போனவர்களின் வீடு

தேயிலையின் வரலாற்றைப் பார்க்க விரும்பும் பயணிகள் கண்டியில் முதலில் போவது ஹந்தானை மலைக்கு. 1925இல் கட்டிய தேயிலைத் தொழிற்சாலை ஒன்று அங்கே 2001 முதல் அருங்காட்சியகமாக இருக்கிறது. கொழுந்தை உருட்டும் இயந்திரங்கள், உலர்த்தும் இயந்திரங்கள், 1867இல் லூல்கந்துரவில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லரின் உடைமைகள் எல்லாம் அங்கே உண்டு. கொழுந்து பறித்தவர்கள் எங்கே சமைத்தார்கள், எங்கே படுத்தார்கள் என்று கேட்டால் கம்பளைப் பக்கம்தான் போகவேண்டும்.

அங்கே ஓல்ட் பீக்கொக் தோட்டத்தில், கண்டியின் சமூக அபிவிருத்தி நிறுவனம் 2007இல் தொடங்கிய தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகமும் ஆவணக் காப்பகமும் இருக்கிறது. அதற்கெனப் புதுக் கட்டடம் எதுவும் எழுப்பவில்லை. தொழிலாளர் குடியிருந்த பழைய லயத்தையே சீர்செய்து எடுத்துக்கொண்டார்கள். அறை பத்தடிக்குப் பன்னிரண்டடி என்று இலங்கை மலையகத்தில் சொல்லிச் சொல்லித் தேய்ந்த அளவு, அதற்குள் போய் நிற்கும்போதுதான் உறைக்கும். ஒரு குடும்பம் பிறந்து, வளர்ந்து, பிள்ளைகளுக்கு மணம் முடித்தது அத்தனையும் அந்த இடத்துக்குள்தான். வேலைக் கருவிகள், சமையல் பாத்திரங்கள், இசைக் கருவிகள், நகைகள், ஆவணங்கள், தொழிற்சங்கத் தலைவர்களின் படங்கள் என்று அங்கே சேர்த்து வைத்திருப்பவை அனைத்தும் தொழிலாளரின் கைபட்ட, கண்பட்ட பொருள்கள்.

இதில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருக்கும் கல்லாவிக்கு என்ன பங்கு? கல்லாவியும் ஊத்தங்கரையும் 1965இல் தருமபுரி மாவட்டம் பிரியும்வரை சேலம் மாவட்டத்தில் இருந்தவை. கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004இல்தான். இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் போன மாவட்டங்களில் திருச்சி, மதுரை, தஞ்சாவூர், திருநெல்வேலியோடு சேலமும் உண்டு. 1820களில் கம்பளைப் பக்கத்தில் காப்பித் தோட்டம் போடத் தொடங்கியதும் மலைக்கு ஆள் தேவைப்பட்டது. பஞ்சமும் கடனும் விரட்ட, மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளைவரை காட்டுவழி நடந்தார்கள். காய்ச்சலிலும் பேதியிலும் வழியிலேயே மாண்டவர்கள் ஏராளம். 1869இல் வந்த இலைத்துரு நோய் காப்பியை அழித்தபின் தேயிலை வந்தது. ஆண்டு முழுக்கக் கொழுந்து பறிக்க வேண்டியிருந்ததால், பருவத்துக்கு வந்து திரும்பியவர்கள் குடும்பத்தோடு தங்கிவிட்டார்கள்.

அழைத்துப் போனவர் கங்காணி. முன்பணமும் வழிச்செலவும் தொழிலாளியின் கணக்கில் கடனாக ஏறும். அந்தக் கடனைக் குறித்த ‘துண்டு’ இல்லாமல் வேறு தோட்டம் வேலை தராது. துண்டு முறை 1921இல் ஒழிந்தாலும் காகிதம் அவர்களை விடவில்லை. 1947 தேர்தலில் மலையகத்திலிருந்து ஏழு பேர் நாடாளுமன்றம் போனார்கள். அடுத்த ஆண்டே வந்த குடியுரிமைச் சட்டம் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. மிச்சமிருந்த ஒன்றரை லட்சம் பேரை 1974இல் பாதிக்குப் பாதி பகிர்ந்தார்கள். அண்ணன் இங்கே, தம்பி அங்கே என்று வீடுகள் உடைந்தன. அங்கே எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்கு 2003இல்தான் சட்டம் வழிவிட்டது.

இப்படிப்பட்ட மக்களுக்குப் பழைய காகிதங்கள்தான் உயிர். பிறப்புச் சான்று, பாஸ்போர்ட், தோட்டத்துப் பற்றுச்சீட்டு எதுவானாலும், ‘நாங்கள் இங்கே இருந்தோம்’ என்று வாதாட அவர்களிடம் இருந்த சாட்சி அதுதான். அரசு ஆவணக் கூடங்களில் தோட்டத் துரைமார் எழுதிய அறிக்கை கிடைக்கும். தொழிலாளி பெட்டியில் மடித்து வைத்த சீட்டு கிடைக்காது. கம்பளையில் அருங்காட்சியகத்தோடு ஆவணக் காப்பகத்தையும் சேர்த்து வைத்ததன் பொருத்தம் இங்கேதான் இருக்கிறது. 2023இல் மலையக மக்கள் தங்கள் 200 ஆண்டு வரலாற்றை நினைவுகூர்ந்து, முன்னோர் வந்த வழியிலேயே தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தார்கள்.

கிருஷ்ணகிரியில் 1993 முதல் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. இந்த மாவட்டத்தின் நடுகல் மரபுக்குப் பேர்போனது அது. ஆநிரை மீட்டுச் செத்த வீரனுக்குக் கல் நட்ட மண், வயிற்றுப் பிழைப்புக்கு ஊரைவிட்டுப் போனவருக்கு எதையும் நட்டு வைக்கவில்லை. அன்று கண்டிச்சீமை; இன்று ஓசூர்த் தொழிற்சாலைகள், பெங்களூருக் கட்டட வேலை. போகும் வழிதான் மாறியிருக்கிறது.

கம்பளை செய்ததைச் செய்யக் கல்லாவிக்கு ஒரு பழைய ஓட்டு வீடோ பள்ளியின் ஓர் அறையோ போதும். கடவுச்சீட்டு, கடிதம், மணியார்டர் ரசீது, முதல் வேலைக்கான அடையாள அட்டை ஆகியவற்றிலிருந்து தொடங்கலாம். ஆனால் நாள் கடத்த முடியாது. 1970களில் இளவட்டங்களாகக் கப்பலேறித் தமிழகம் திரும்பியவர்கள் இன்று எழுபதை ஒட்டியோ தாண்டியோ இருப்பார்கள். பொருளை வாங்கும்போதே யாருடையது, எந்த ஊர், எந்த ஆண்டு என்று அவர்களிடம் கேட்டு எழுதிவிட வேண்டும். அந்த மூன்றும் தெரியாத அண்டாவைப் பழைய பாத்திரக்காரர் எடைபோட்டுப் பித்தளை விலைக்குத்தான் எடுப்பார்.