இறுதி நாட்களில் மாண்பு: பராமரிப்பு இல்லங்களை நாம் எப்படி மதிப்பிடுவது?

வாய்ப் புற்றுநோயால் இறந்த ஒரு தூய்மைப் பணியாளரின் மகள் எங்கள் அலுவலகத்திற்கு வந்தார். "இனி செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கூட்டிப் போங்கள்" என்று மருத்துவமனை அனுப்பிவிட்ட பின், ஓரறை வீட்டில் வைத்துப் பார்க்க இயலாமல், அறக்கட்டளை ஒன்று நடத்தும் இலவசப் பராமரிப்பு இல்லத்தில் தந்தையைச் சேர்த்திருந்தார். கட்டடம் தூய்மையாக இருந்தது. சுவரெங்கும் நன்கொடையாளர் பெயர்கள் இருந்தன. ஆனால் இரவு எட்டு மணிக்கு மேல் வலி மருந்து தர அங்கே ஆள் இல்லை. தந்தையின் தம்ளர் மட்டும் சன்னலோரம் தனியே வைக்கப்பட்டிருந்தது. ஏனென்று மகள் கேட்டபோது, "சேவை செய்கிற இடத்தில் கேள்வி கேட்கக் கூடாது" என்று பதில் வந்தது. பதினெட்டாம் நாள் அவர் இறந்தார். சிகிச்சைப் பதிவேட்டின் நகலைக் கேட்டும் தரவில்லை.

வழக்குத் தொடுப்பது பற்றிப் பேச வந்திருக்கிறார் என்றே நினைத்தோம். அவர் முதலில் கேட்டது வேறு. அவருடைய பெரியம்மாவுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய் முற்றிய நிலையில் இருந்தது. "எது நல்ல இடம்னு எப்படித் தோழர் தெரிஞ்சுக்கிறது?" என்று கேட்டார்.

எங்களிடம் சட்டப் பிரிவுகள் இருந்தன. இந்தக் கேள்விக்கு விடை இருக்கவில்லை. பின்னர் வலி தணிப்பு மருத்துவர்களிடமும் செவிலியர்களிடமும் நோயாளிகளின் குடும்பங்களிடமும் கேட்டறிந்தவற்றைச் சட்டத்தோடு சேர்த்து இங்கே தொகுத்திருக்கிறோம்.

சேவை என்ற திரை

குணப்படுத்த இயலாத நோயின் இறுதிக் கட்டத்தில், உயிரை நீட்டிப்பதைவிடத் துன்பத்தைத் தணிப்பதை முதன்மையாகக் கொண்டு இயங்குவது ஹாஸ்பிஸ் எனப்படும் இறுதிக்காலப் பராமரிப்பு இல்லம். நவீன வடிவிலான முதல் இல்லத்தை 1967இல் சிசிலி சாண்டர்ஸ் லண்டனில் தொடங்கினார். நோயாளியின் வலி உடலில் மட்டும் இல்லை, மனத்திலும் குடும்பத்திலும் பொருளாதாரத்திலும் அது பரவிக் கிடக்கிறது என்பதே அவர் முன்வைத்த 'முழு வலி' என்ற கருத்து. இந்தியாவின் முதல் ஹாஸ்பிஸ் 1986இல் மும்பையில் தொடங்கப்பட்டது. 1993இல் கோழிக்கோட்டில் உருவான வலி தணிப்பு இயக்கம் பின்னர் ஊர்தோறும் தன்னார்வலர்களைக் கொண்டு வளர்ந்தது. அதன் பயனாக, 2008இல் இதற்கெனத் தனிக் கொள்கையை அறிவித்த முதல் மாநிலமாகக் கேரளம் ஆனது. ஒன்றிய அரசின் தேசியத் திட்டம் 2012இல் வந்தது.

இவ்வரலாற்றில் தொண்டு நிறுவனங்களின் பங்கு பெரியது, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் தொண்டாகக் கிடைப்பது நன்றியை எதிர்பார்க்கிறது. தலைமுறைகளாகக் கைகட்டி நிற்கப் பழக்கப்படுத்தப்பட்ட மக்கள், இலவசமாகக் கிடைப்பதைக் குறைகூறத் தயங்குவர். மேலும், இந்த நோயாளி குணமடைந்து வெளியே வந்து புகார் தரப்போவதில்லை. குடும்பமோ இறப்பின் களைப்பிலும் கடனிலும் இருக்கும். எனவே கேள்விகளைச் சேர்ப்பதற்கு முன்பே கேட்டாக வேண்டும்.

மாண்புடன் இறக்கும் உரிமை அரசமைப்பின் 21ஆம் பிரிவு உறுதியளிக்கும் வாழ்வுரிமையின் பகுதி என்று 2018 மார்ச் 9 அன்று 'காமன் காஸ்' வழக்கில் உச்ச நீதிமன்ற அரசமைப்பு அமர்வு தீர்ப்பளித்துள்ளது. மாண்பு என்பது எவரோ மனமிரங்கி வழங்குவது அல்ல என்பதற்கு இத்தீர்ப்பே நமக்குப் போதுமானது.

முதல் அளவுகோல்: இரவு இரண்டு மணிக்கு வலித்தால்?

ஓர் இல்லத்தின் தரத்தை அறிய ஒரே ஒரு கேள்விதான் கேட்கலாம் என்றால், நாங்கள் கேட்பது இது: இங்கே மார்பின் இருக்கிறதா?

முற்றிய புற்றுநோயின் கடும் வலிக்கு மார்பின் அடிப்படை மருந்து. அபினி பயிரிடவும், அதிலிருந்து மருந்துப் பொருளைப் பிரித்தெடுக்கவும் அரசின் கட்டுப்பாட்டிலேயே ஏற்பாடுகள் உள்ள நாடு இது. காசிப்பூரிலும் நீமச்சிலும் அதற்கான அரசு ஆலைகள் உள்ளன. ஆயினும் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம், பல துறைகளின் தனித்தனி உரிமங்களைக் கோரியதால், இம்மருந்தை மருத்துவமனைகளிலிருந்தே ஏறக்குறைய விரட்டிவிட்டது. 2014இல் சட்டம் திருத்தப்பட்டது. மார்பின் உள்ளிட்டவை 'இன்றியமையாத போதை மருந்துகள்' என வகைப்படுத்தப்பட்டன. மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலரிடம் 'அங்கீகரிக்கப்பட்ட மருத்துவ நிறுவனம்' என்ற ஒரே ஒப்புதலைப் பெற்றால் போதும். ஆகவே, "அது போதை மருந்து, எங்களுக்கு அனுமதியில்லை" என்று இன்று ஓர் இல்லம் சொன்னால், அனுமதிக்கு விண்ணப்பித்ததா என்று நாம் திருப்பிக் கேட்க வேண்டும்.

மருந்து இருந்தால் மட்டும் போதாது. உடனே செயல்படும் மார்பின் மாத்திரையின் ஆற்றல் ஏறத்தாழ நான்கு மணி நேரமே நீடிக்கும். எனவே தொடர் வலி உள்ளவருக்கு, வலி வந்து அலறிய பின் தராமல், கடிகாரத்தைப் பார்த்துத் தர வேண்டும். இடையே வலி கூடினால் கூடுதல் அளவு தரப்பட வேண்டும். மார்பின் மலச்சிக்கலை உண்டாக்கும் என்பதால் மலமிளக்கியும் உடன் எழுதப்பட்டிருக்க வேண்டும். வலியைச் சுழியத்திலிருந்து பத்து வரை ஓர் எண்ணாகச் சொல்லச் செய்து, அதை நாள்தோறும் பதிவேட்டில் எழுத வேண்டும். இவை நான்கும் உள்ளனவா என்று மருந்துச் சீட்டையும் பதிவேட்டையும் பார்த்தாலே தெரிந்துவிடும். இதற்கு மருத்துவப் படிப்பு தேவையில்லை.

வருகை புரிபவர்களுக்கு ஒரு நடைமுறை யோசனை: காலை பத்து மணிக்கு எல்லா இல்லமும் நன்றாகவே இருக்கும். இரவுப் பணியில் எத்தனை செவிலியர், மருந்துப் பெட்டியின் சாவி யாரிடம், மருத்துவரை அழைத்தால் எத்தனை நேரத்தில் வருவார் என்று கேளுங்கள். இயன்றால் மாலை மங்கிய பின் ஒருமுறை போய்ப் பாருங்கள்.

இரண்டாவது அளவுகோல்: தொடும் கை

'வெயிட்டிங் ஃபார் எ விசா' என்ற தம் நினைவுக் குறிப்புகளில் அண்ணல் அம்பேத்கர், 1929இல் 'யங் இந்தியா' இதழில் வெளிவந்த ஒரு கடிதத்தை எடுத்துக்காட்டுகிறார். கத்தியவாரைச் சேர்ந்த தலித் ஆசிரியர் ஒருவரின் மனைவி பிரசவத்திற்குப் பின் நோயுற்றார். மன்றாடி அழைத்த பின் வந்த மருத்துவர், வெப்பமானியை ஓர் இசுலாமியரிடம் கொடுத்தார்; அவர் கணவரிடம் கொடுத்தார்; கணவர் மனைவிக்கு வைத்தார். மருத்துவர் நோயாளியைத் தொடவே இல்லை. அப்பெண் இறந்துபோனார்.

இறுதிக்காலப் பராமரிப்பில் தொடுதலே பாதிச் சிகிச்சை. படுத்த படுக்கையாக இருப்பவரைச் சுமார் இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் படுக்கைப்புண் வரும். வாயை நாள்தோறும் துடைத்துவிட வேண்டும். புற்றுப்புண்ணிலிருந்து நாற்றம் எழுந்தால், மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துப் புண்ணின் மேல் தூவிக் கட்டினாலே பெருமளவு குறையும். விலை மிகக் குறைந்த மருந்து அது. ஒரு நோயாளியின் கட்டிலருகே நாற்றத்தால் எவரும் நிற்பதில்லை என்றால், அங்கே குறை நோயில் இல்லை, பராமரிப்பில் இருக்கிறது.

ஆகவே பாருங்கள்: மருத்துவர் கட்டிலருகே அமர்ந்து பேசுகிறாரா, வாசலில் நின்று கேட்கிறாரா? எல்லா நோயாளிகளுக்கும் ஒரே பாத்திரமா? கட்டில்கள் எந்த அடிப்படையில் ஒதுக்கப்படுகின்றன? சேர்க்கைப் படிவத்தில் சாதி கேட்கப்படுகிறதா, எதற்காக?

புரட்டிப் படுக்க வைப்பதும் மலசலம் துடைப்பதும் புண் கழுவுவதும் யார் என்றும் கேட்க வேண்டும். பல இடங்களில் அவர்கள் நம் சமூகப் பெண்களே. அவர்களுக்கு முறையான பயிற்சி, கையுறை, வார விடுப்பு, குறைந்தபட்சக் கூலி உண்டா? ஒரே பெண் இரவு முழுவதும் இருபது பேரைப் பார்த்துக்கொள்ளும் இடத்தில் எவரும் நேரத்திற்குப் புரட்டப்படப் போவதில்லை. பணியாளரின் உரிமையையும் நோயாளியின் மாண்பையும் இங்கே பிரித்துப் பார்க்க முடியாது.

மூன்றாவது அளவுகோல்: முடிவு யாருடையது?

"இனி செய்வதற்கு ஒன்றுமில்லை" என்ற வாக்கியத்தை நாம் ஐயத்தோடு கேட்கக் கற்றுக்கொள்ள வேண்டும். அது மருத்துவ முடிவா, படுக்கையும் பணமும் இல்லாததால் எடுத்த முடிவா? என்ன நோய், எந்த நிலை, எந்தச் சிகிச்சை இனிப் பயன்தராது, ஏன் என்பதை நோயாளிக்குப் புரியும் மொழியில் விளக்கி, எழுத்தில் தர வேண்டும். நல்ல இல்லம் சேர்க்கும்போதே இதைக் கேட்டு வாங்கும். குணமாகக்கூடிய தொற்றோ வேறு சிக்கலோ வந்தால் மருத்துவமனைக்குத் திருப்பி அனுப்பும் ஏற்பாடும் அதனிடம் இருக்கும்.

செயற்கைச் சுவாசம் போன்ற உயிர்நீட்டிப்புச் சிகிச்சை வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கவும் உரிமை உண்டு. 2023 சனவரியில் உச்ச நீதிமன்றம் நடைமுறையை எளிமையாக்கியது; இரு சாட்சிகள் முன் கையொப்பமிட்டு, நோட்டரியிடமோ அரசிதழ்ப் பதிவு பெற்ற அலுவலரிடமோ சான்று பெற்றால் போதும். ஆனால் இது நோயாளியின் விருப்பமாக இருக்க வேண்டும். படிக்கத் தெரியாதவரிடம் சேர்க்கையன்று கைநாட்டு வாங்கும் காகிதக்கட்டில் இப்படியொரு தாளும் இருந்தால், அது விருப்பம் ஆகாது.

சிறிய முடிவுகளும் முடிவுகளே. கருவாட்டுக் குழம்பு கேட்டவருக்கு "இங்கே சைவம் மட்டும்தான்" என்பதும், எந்த மதத்தின் வழிபாட்டிலும் கட்டாயம் உட்கார வைப்பதும், உறவினரை வாரம் ஒருமுறைதான் அனுமதிப்பதும் ஒருவரின் இறுதி நாட்களை அவரிடமிருந்து பறிப்பவை.

நான்காவது அளவுகோல்: இறப்புக்குப் பின்

இறந்தவரின் உடலை எவ்வளவு நேரம் வைத்திருப்பார்கள், குடும்பம் வரும்வரை காத்திருப்பார்களா, வண்டிக்கு உதவுவார்களா என்று முன்பே கேட்க வேண்டும். இறப்புக்கான மருத்துவக் காரணச் சான்றை உடனே தர வேண்டும். குடும்ப ஓய்வூதியம், நலவாரிய உதவி, காப்பீடு அனைத்தும் இறப்புப் பதிவைச் சார்ந்தவை. சுடுகாட்டுப் பாதை மறுக்கப்படும் ஊர்களிலிருந்து வரும் நமக்கு, உடல் எங்கே எவ்வழியாகப் போகும் என்பதும் பராமரிப்பின் பகுதியே.

தவறு நேர்ந்தால்

சிகிச்சை தரும் இல்லம் தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம், 1997இன் கீழ் பதிவு பெற்றிருக்க வேண்டும். சான்றிதழைக் காட்டச் சொல்லலாம். புகாரை மாவட்டத்தின் மருத்துவ நலப்பணிகள் இணை இயக்குநரிடம் தரலாம். மருத்துவப் பதிவேட்டைக் கேட்டால் 72 மணி நேரத்தில் தர வேண்டும் என்கின்றன மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டின் நன்னடத்தை விதிகள்.

"இலவசமாகத்தானே தந்தோம்" என்ற வாதம் எப்போதும் செல்லாது. 1995இல் வி.பி. சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறி இது: சிலரிடம் கட்டணம் வாங்கிச் சிலருக்கு இலவசமாகச் செய்யும் நிறுவனத்தில், இலவச நோயாளியும் நுகர்வோரே. அனைவருக்கும் முற்றிலும் இலவசம் என்றால் மட்டுமே நுகர்வோர் சட்டம் பொருந்தாது. அங்கும் உரிமையியல், குற்றவியல் வழிகள் திறந்தே உள்ளன.

சாதியின் பேரால் நடப்பவற்றுக்குத் தனிச்சட்டம் உண்டு. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015இன் திருத்தம் சேர்த்த 3(1)(இசட்-ஏ) உட்பிரிவு, மருத்துவமனைக்குள் நுழைவதைத் தடுப்பதையும், பொதுமக்கள் வந்துபோகும் இடத்தில் பொதுப் பயன்பாட்டுக்கான பாத்திரங்களைப் பயன்படுத்தவிடாமல் தடுப்பதையும், இடுகாட்டைப் பிறரோடு சமமாகப் பயன்படுத்துவதைத் தடுப்பதையும் குற்றமாக்குகிறது. சன்னலோரத் தம்ளர் சிறிய விஷயம் அல்ல. 2018இன் திருத்தப்படி, இச்சட்டத்தின்கீழ் முதல் தகவல் அறிக்கை பதிவதற்கு முன்விசாரணை தேவையில்லை.

ஒரு குறிப்பேடு

இல்லத்தில் சேர்ப்பது ஒன்றே வழி அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், படுக்கையில் இருப்பவரின் வீட்டிற்கே வந்து நோய் ஆதரவுச் சிகிச்சை தருவதும் அடங்கும். அச்செவிலியர் நம் சேரிக்குள் வருகிறாரா, மாதத்தில் எத்தனை முறை, வலி மருந்தோடு வருகிறாரா என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்பதும், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப்போடுவதும் மாணவர் அமைப்புகள் உடனே செய்யக்கூடிய பணி.

எங்களிடம் வந்த மகளின் புகாருக்கு இல்லத்தின் பதிவேடு எதுவும் ஆதாரமாகக் கிடைக்கவில்லை. அவருடைய தம்பி, பள்ளிக் குறிப்பேடு ஒன்றில், அப்பா எந்த நேரத்தில் வலியில் அழுதார், எப்போது மாத்திரை கிடைத்தது என்று பதினெட்டு நாளும் எழுதிவைத்திருந்தான். இணை இயக்குநருக்கு நாங்கள் அனுப்பிய மனுவோடு இணைத்த ஆவணம் அது ஒன்றுதான். மனு இன்னும் நிலுவையில் இருக்கிறது.

பெரியம்மாவை வேறொரு இல்லத்தில் சேர்ப்பதற்கு முன்பு, அதே குறிப்பேட்டின் மீதிப் பக்கங்களில் மேலே சொன்ன கேள்விகளை எழுதி எடுத்துக்கொண்டு அக்காவும் தம்பியும் போனார்கள். முதல் இல்லம் பதில் சொல்ல மறுத்தது. இரண்டாவது இல்லத்தின் செவிலியர் உட்காரவைத்து, ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லி, மார்பின் பதிவேட்டைத் திறந்து காட்டினார். அங்கேதான் சேர்த்தார்கள்.