எண்ணெய் சுரக்காத இடங்கள்

உதடு வெடித்து எரிவதும், முழங்காலுக்குக் கீழே தோல் செதில் செதிலாக உரிந்து அரிப்பதும் பலருக்கும் பனிக்காலத் தொல்லை. சிலருக்கோ ஆண்டு முழுக்கத் தீராத வேதனை. உதட்டுக்கும் காலுக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றும். உதட்டின் சிவந்த பகுதியில் வியர்வைச் சுரப்பிகள் கிடையாது, எண்ணெய்ச் சுரப்பிகளும் அநேகமாக இல்லை. முகத்தோடு ஒப்பிட்டால் காலிலும் எண்ணெய்ச் சுரப்பிகள் மிகக் குறைவு. அதனால்தான் இரண்டும் எளிதில் வறண்டுபோகின்றன.

தோலின் மேலடுக்கை ஒரு செங்கல் சுவர் எனலாம். இறந்த செல்கள்தான் செங்கல். செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள் சேர்ந்த கலவை சாந்து. சாந்து உதிர்ந்தால் உள்ளிருக்கும் நீர் ஆவியாகிவிடும். சோப்பும் தூசியும் கிருமியும் உள்ளே புகும். அவற்றை எதிர்க்க உடல் கிளம்பும்போதுதான் தோல் சிவந்து அரிக்கிறது. சொறியச் சொறியச் சேதம் பெருகும். இந்தச் சுவரை உறுதியாக்கும் ஃபிலாக்ரின் என்ற புரதத்துக்கான மரபணுவில் உள்ள குறை கரப்பான் (எக்ஸிமா) என்ற தோல் நோய்க்கு முக்கியக் காரணம் என்பதை ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2006இல் கண்டறிந்தார்கள். ஒவ்வாமையால் தோல் கெடுகிறது என்ற பார்வையோடு, தோல் பலவீனமாக இருப்பதால் ஒவ்வாமை நுழைகிறது என்ற பார்வையும் அதன்பின் வலுப்பெற்றது.

ஆகவே சிகிச்சையின் முதல் வேலை தோலைப் பழையபடி காவலுக்கு நிறுத்துவது. தோலின் பிஹெச் அளவு 5ஐ ஒட்டியது. சாதாரண சோப்புக் கட்டிக்கு 9 முதல் 10 வரை. வறண்ட காலில் அதைத் தேய்த்து, கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றினால் மிச்சமிருக்கும் கொழுப்பும் கரைந்துபோகும். வெதுவெதுப்பான நீரில் சுருக்கமாகக் குளித்து, ஈரத்தை ஒற்றியெடுத்த கையோடு பெட்ரோலியம் ஜெல்லி தடவுங்கள். 1872இல் அமெரிக்காவில் ராபர்ட் செஸ்ப்ரோ காப்புரிமை பெற்ற பழைய பொருள்தான். நீர் ஆவியாகாமல் தடுப்பதில் விலையுயர்ந்த பல கிரீம்கள் அதன் அருகில்கூட வராது.

உதட்டை நாவால் நனைப்பதைக் கட்டாயம் நிறுத்த வேண்டும். எச்சில் காயும்போது இருக்கும் ஈரத்தையும் கொண்டுபோகும். அதிலுள்ள நொதிகள் புண்ணாக்கும். குளுகுளுவென்றிருக்கும் மென்தால் பூச்சும், பற்பசையின் புதினா, பட்டை வாசனையும்கூடச் சிலருக்கு எரிச்சலுக்குக் காரணம்.

எனக்குப் பெரும் கவலை தருவது மருந்துக் கடையில் சீட்டில்லாமல் வாங்கும் களிம்புதான். ஸ்டீராய்டு கலந்த களிம்பு இரண்டே நாளில் அரிப்பை அடக்கும். மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலியும், நிறுத்தியதும் எரிச்சல் இன்னும் கடுமையாகத் திரும்பலாம். அரிப்பது படர்தாமரையாக இருந்தாலோ, மறைவாகப் பரவும். ஸ்டீராய்டு கெட்ட மருந்தல்ல. எந்த வீரியம், எத்தனை நாள் என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

கணுக்கால் வீங்கிப் பழுப்பேறியிருந்தால் கோளாறு ரத்தக் குழாயில் இருக்கலாம். கீழுதட்டில் சொரசொரப்பான வெள்ளைத் திட்டோ புண்ணோ மூன்று வாரமாகியும் ஆறவில்லை என்றால் புற்றுநோயின் தொடக்கமாகவும் இருக்கக்கூடும். இந்த இரண்டுக்கும் வீட்டு வைத்தியம் பார்க்காதீர்கள். உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.